வலிக்கும் முன்பே இறங்கிவிடுகிறவர்

முதன்முதலில் நான் அவரைப் பார்த்தபோது அவர் ஃபெர்ரியின் தரையில் படுத்திருந்தார்.

பினாங்குத் தீவிலிருந்து காலையில் பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெர்ரி அது. கீழ்த்தளத்தில் எங்கள் மோட்டார் சைக்கிள்களை நெருக்கி நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தோம். ஓரச் சுவரில் ஒரு பச்சைச் சைக்கிள் சாய்ந்திருந்தது. பின்சக்கரத்தின் இரு பக்கமும் பெரிய பைகள். அதன் அருகில், இரும்புத் தரையில் மெல்லிய பாயை விரித்து, அறுபதைத் தாண்டிய ஒரு தமிழ்ப் பெண் மல்லாந்து கிடந்தார். முழங்கால்கள் மடங்கி நின்றன. ஹெல்மெட் வயிற்றின்மேல் இருந்தது. கண்கள் மூடியிருந்தன.

மயக்கம் என்று நினைத்து நான்கைந்து பேர் சூழ்ந்துவிட்டோம். ஒரு மலாய் அம்மா தன் கைப்பையால் விசிறத் தொடங்கினார். நான் குனிந்து, "அக்கா, அக்கா! என்ன ஆச்சு?" என்றேன்.

ஒரு கண் மட்டும் திறந்தது.

"ஒண்ணும் ஆகல தம்பி. முதுகுக்குப் பத்து நிமிஷம் லீவு குடுத்திருக்கேன். எல்லாரும் கொஞ்சம் நகருங்க, காத்தே வரல."

கரை நெருங்கும்போது அவருடைய போன் மணி அடித்தது. பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி, உடைந்துவிடக்கூடிய ஒரு சாமானைத் தூக்குகிற கவனத்தோடு தன்னைத்தானே தூக்கி நிறுத்திக்கொண்டார். பாயைச் சுருட்டிப் பையில் செருகினார். மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் இரைச்சலோடு வெளியேறும்வரை காத்திருந்து, பிறகு ஏறி மிதித்தார். அவ்வளவு மெதுவாக ஒருவர் சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததில்லை. வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்து போனார்.

அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. அக்கரையில் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டு வருஷமாக எனக்கும் முதுகு வலி. அது என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. மோட்டாரை எடுக்கும் முன் இரண்டு மாத்திரை, மதியம் ஒன்று. கனமான இரும்புக் கட்டைகளைக்கூட ஆள் கூப்பிடாமல் நானே தூக்கி இயந்திரத்தில் வைப்பேன். தாங்கிக்கொள்வதை ஒரு தகுதியாக நினைத்திருந்த காலம். எல்லார் முன்னாலும் தரையில் படுத்துவிட்ட அந்த அம்மாவைப் பார்த்து எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "என் பேரு எதுக்குத் தம்பி? என் சீட்டோட உயரத்தை எழுது, யாருக்காச்சும் உதவும்" என்பார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

அக்கா முப்பத்தொரு வருஷம் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்தவர். கதிர் மேலே படாமலிருக்க ஈயம் வைத்துச் செய்த கனமான அங்கியை நாள் முழுக்கத் தோளில் சுமந்தவர். நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்தே முதுகைத் தேய்த்துக்கொண்டவர். கணவர் காலமாகிப் பல வருஷமாயிற்று. ஒரே மகள், ஈப்போவில் ஆசிரியை. ஓய்வு பெற்ற மாதம் அக்கா தன் முதுகைப் படமெடுக்கச் சொல்லி வாங்கிவந்தார். ஜெலுத்தோங்கில் அவருடைய அடுக்குமாடி வீட்டின் சமையலறை ஜன்னலில் திரைச்சீலை கிடையாது. அந்த எக்ஸ்ரே படம்தான் ஒட்டியிருக்கும். காலை வெயிலில் அவர் கோப்பி கலக்கும்போது அவருடைய எலும்புகள் அவருக்கு முன்னால் வெள்ளையாக நிற்கும்.

"தினம் இதைப் பாக்க பயமா இல்லையாக்கா?" என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள்.

"எதுக்கு பயம்? இதோடதானே நான் குடித்தனம் பண்ணணும். நான் படமெடுத்த முதுகுல ஸ்ட்ரெய்ட்டா இருந்தது ஒண்ணுகூட இல்லம்மா. எல்லாரும் கோணலாத்தான் நிக்கிறோம். சட்டை போட்டு மறைச்சிருக்கோம், அவ்ளோதான் லா."

எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது ஒரு அலுமினியத் துண்டால். ஃபெர்ரியில் ஒருநாள் என் கையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டு, "தம்பி லேத் வேலையா?" என்று கேட்டார். உடனே பையிலிருந்து ஒரு பழைய எக்ஸ்ரே உறையை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு படம் வரைந்திருந்தார். சைக்கிளின் ஹேண்டிலை மேலே உயர்த்துவதற்கான ஒரு குழாய். கடையில் கிடைக்கும் எதுவும் அவருக்குப் போதுமான உயரம் இல்லை. குனிந்தால் இடுப்பில் பிடிக்கிறது. ரொம்ப நிமிர்ந்தால் சாலையின் குலுக்கல் நேராக முதுகெலும்பில் இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

சாப்பாட்டு இடைவேளையில் கடைந்து கொடுத்தேன். இரண்டு நாள் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். குறைத்துக் கொடுத்தேன். மறுபடியும் கொண்டுவந்தார்.

"நாலு மில்லி அதிகம் தம்பி."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நாலு மில்லி யாருக்குக்கா தெரியப்போவுது?"

"என் கழுத்துக்குத் தெரியுது லா. நீ ஃபேக்டரில செய்யற சாமான்ல நாலு மில்லி தப்பா இருந்தா உன் சூப்பர்வைசர் வாங்கிக்குவாரா?"

மில்லியில் நூற்றில் இரண்டு பங்கு பிசகினால் குப்பைத் தொட்டியில் எறிகிற வேலை என்னுடையது. ஓர் இரும்பு வளையத்துக்குக் காட்டுகிற மரியாதையை என் சொந்த உடம்புக்கு நான் எட்டு வருஷமாகக் காட்டியதில்லை.

அவருடைய சைக்கிளின் சீட்டுக் கம்பியில் நகச்சாயத்தால் மூன்று கோடுகள் இருந்தன. மேலே சிவப்பு, நடுவில் ரோஸ், கீழே வெள்ளை. காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. "சாயங்காலம் ஆனா ஆள் கொஞ்சம் குள்ளமாயிடுவோம் தம்பி. எலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தை அமுங்கிப் போயிடும். சீட்டும் கூடவே இறங்கணும்ல?" வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் வேலைக்குப் போனதும் ஸ்டோர் கதவில் முதுகைச் சாய்த்து நின்று, உடன் வேலை செய்கிறவரிடம் என் உயரத்தைக் கதவில் கீறச் சொன்னேன். வேலை முடிந்து கிளம்பும்போது மறுபடி கீறச் சொன்னேன். இரண்டு கீறலுக்கும் நடுவே என் சுண்டுவிரலில் பாதி அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அன்று மாலை ஃபெர்ரியில் வீடு திரும்பும்போது சுற்றி நின்ற அத்தனை பேரையும் பார்த்தேன். எல்லாரும் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் குள்ளமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை போன் மணி அடிக்கும். எங்கே இருந்தாலும் இறங்கி, பாயை விரித்துப் பத்து நிமிஷம் படுத்துவிடுவார். பஸ் நிறுத்தம், பசார் சந்தையின் பின்பக்கம், கடைகளுக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதை, எதுவானாலும் சரி. வலி வந்தபின் இல்லை. வலியே இல்லாதபோதுதான்.

"நல்லாத்தானே இருக்கீங்க, இன்னும் கொஞ்சம் போலாமே" என்பேன்.

"நல்லா இருக்கும்போது நிக்கணும். வலிச்ச பிறகு நின்னா அது நிக்கறது இல்ல, விழறது."

நான் மாத்திரை விழுங்குவதை ஒருமுறை பார்த்துவிட்டார். திட்டவில்லை. "வலி பேசறதைக் கேட்டா, எங்க இடைஞ்சல்னு அதுவே சொல்லும். நீ அதோட வாயைப் பொத்திட்ட" என்றார். ஆறு மாதம் கழித்து நானும் ஒரு பழைய பயணச் சைக்கிள் வாங்கினேன். அதை எனக்கேற்ற மாதிரி திருத்தி முடிக்க இன்னொரு மூன்று மாதமானது. மாத்திரை எப்போது நின்றது என்று எனக்கே நினைவில்லை.

பாடாங் கோத்தா மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் சைக்கிள்காரர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். பட்டையான டயர், அகலமான தோல் சீட், மாட்டுக்கொம்பு மாதிரி பின்னால் வளைந்த ஹேண்டில். "பால்காரர் சைக்கிள்" என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒருமுறை தீவைச் சுற்றி வர எல்லோரும் கிளம்பினார்கள். பாலிக் புலாவ் ஏற்றத்தில் கூட்டம் பறந்துவிட்டது. அக்கா ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் படுத்துப் படுத்து வந்தார். அவரோடு வந்ததற்காக நான் வெட்கப்பட்டேன், அதை மறைக்க வேண்டியதில்லை. நாங்கள் வந்து சேர்ந்தபோது அந்தி சாய்ந்திருந்தது. முன்னால் போனவர்கள் கழுத்தைத் திருப்ப முடியாமல், மரத்த கைகளை உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த நாள் காலையும் அக்கா வழக்கம்போலச் சைக்கிளோடு ஃபெர்ரியில் இருந்தார்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலில் அவரைப் பார்த்ததுதான் எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. வருஷம் தவறாமல் பால்குடம் எடுப்பார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். சுற்றிலும் அலகு குத்தி, முள் காலணி போட்டு, வலியைக் காணிக்கையாகத் தூக்கிக்கொண்டு ஏறுகிற கூட்டம். படிகள் திரும்பும் ஓர் அகலமான இடத்தில், குடத்தை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு, அக்கா ஓரமாகப் பாயை விரித்துப் படுத்துவிட்டார். பெரியவர் ஒருவர் கோபமாக நின்றார்.

"என்னம்மா இது? சாமி சந்நிதிக்குப் போற வழியில படுக்கலாமா?"

"ஐயா, குடத்தைச் சிந்தாம மேல கொண்டு போகணும். அதுக்குத்தான் படுத்திருக்கேன். முருகனுக்கு என் முதுகு தெரியும்."

பெரியவர் அவரைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார். அக்கா அந்தக் குடத்தை ஒரு துளி சிந்தாமல் மேலே கொண்டுபோனார். வலிக்க வைக்கிற பக்தியை அவர் குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை. தன் வழி வேறு என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தார்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. பினாங்கிலிருந்து மலைத்தொடரைக் கடந்து கிழக்குக் கரையில் கோத்தா பாரு வரைக்கும் சைக்கிளில் போக வேண்டும். இரண்டு வருஷம் அதைப் பற்றிப் பேசினோம். கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் மலைச்சாலையின் வரைபடம் அவர் சாப்பாட்டு மேசையின் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. எங்கெங்கே படுக்கலாம் என்று பென்சிலில் குறித்து வைத்திருந்தார். அவருக்கு அறுபத்தாறு வயதானபோது கிளம்பினோம். என் மனைவி யோசிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "அக்கா கூடன்னா போங்க. அவங்க உங்களைப் பத்திரமா திருப்பிக் கொண்டுவந்து விட்ருவாங்க" என்றாள்.

பட்டர்வொர்த், கூலிம், பாலிங், கிரிக். மற்றவர்கள் இரண்டு நாளில் போகிற தூரத்தை நாங்கள் நான்கு நாளில் போனோம். மாலைகளில் எனக்கு உடம்பில் எங்கும் வலி இல்லாதது எனக்கே விநோதமாக இருந்தது. ஐந்தாம் நாள் பண்டிங் ஏரியைத் தாண்டி ஏறத் தொடங்கினோம். இரு பக்கமும் காடு. யானை கடக்கும் இடம் என்று மஞ்சள் பலகைகள். சாலையோரத்தில் உலராத யானைச் சாணம். வெயில் ஏறியும் மலையில் பனிமூட்டம் கலையவில்லை.

ஒரு வளைவில் பின்னாலிருந்து குரல் வந்தது. "தம்பி, நில்லு."

போன் மணி அடித்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். சைக்கிளைத் தடுப்புக் கம்பியில் சாய்த்துவிட்டு, இடது காலணியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"ரெண்டு விரல் மரத்துப் போச்சு."

"தேய்ச்சு விடுங்கக்கா. சரியாயிடும்."

படுத்தார். பத்து நிமிஷம். இன்னொரு பத்து நிமிஷம். எழுந்து உட்கார்ந்து விரலைக் கிள்ளிப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இறங்கிடலாம் தம்பி."

"அக்கா, உச்சிக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர்தான்! அதுக்கப்புறம் எல்லாம் இறக்கம். ரெண்டு வருஷமா பேசிட்டிருக்கோம்!"

"வலின்னா படுத்தா போயிடும். இது வலி இல்ல. வலியே தெரியாம போறது. இதை நான் நிறைய பேருக்குப் பாத்திருக்கேன்."

எழுந்து போய் அருகில் இருந்த கிலோமீட்டர் கல்லைப் போனில் படமெடுத்துக்கொண்டார். பிறகு சாலையில் இறங்கிக் கை காட்டினார். எதிர்த்திசையில், கிளந்தானிலிருந்து காய்கறி ஏற்றிவந்த ஒரு லோரி நின்றது. ஓட்டுநர், என் வயது மலாய்க்காரர், பதறிப்போய் இறங்கி, "பாட்டிக்கு என்ன?" என்று மலாயில் கேட்டார். "பாட்டி ஆகலை இன்னும், அக்காதான்" என்று அக்கா மலாயிலேயே பதில் சொல்லிச் சிரித்தார். கோஸ் மூட்டைகளின் மேல் எங்கள் சைக்கிள்கள் ஏறின.

வந்த வழியே லோரி இறங்கியது. ஐந்து நாள் மிதித்து ஏறியதெல்லாம் கண்ணாடிக்கு வெளியே சரசரவென்று பின்னால் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் தாங்கவில்லை.

"இதுக்காக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? எட்டே எட்டு கிலோமீட்டர். பல்லைக் கடிச்சிட்டுப் போயிருக்கலாம்."

ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ரேடியோவைக் குறைத்தார். அக்கா சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"இன்னிக்கு எட்டு கிலோமீட்டர் போயிட்டேன்னு வையி. நாளைக்குப் படுக்கைல இருந்து பாத்ரூம் வரைக்கும் போக முடியலைன்னா? எனக்கு நாளைக்கும் சைக்கிள் வேணும் தம்பி."

அப்போதுதான் அவர் மடியைப் பார்த்தேன். இடது காலணி அங்கே இருந்தது. இரண்டு கையாலும் அதை நசுக்கிப் பிடித்திருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. தாங்கிக்கொள்ளத் தெரியாதவர் என்றுதான் அவரைப் பற்றி உள்ளுக்குள் எண்ணியிருந்தேன். அந்த லோரியில், அவர் தாங்கிக்கொண்டிருந்ததை என்னால் ஒரு நாளும் தாங்கியிருக்க முடியாது என்று தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியிருப்பேன், நான். இறங்கியிருக்க மாட்டேன்.

அந்த வாரமே அறுவை சிகிச்சை நடந்தது. எலும்புகளுக்கு நடுவிலிருந்த டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியிருந்தது. இன்னும் சில மணி நேரம் மிதித்திருந்தால் பாதத்தைத் தூக்க முடியாமலே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஈப்போவிலிருந்து வந்திருந்த மகள் என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், அம்மாவுக்கு அறுபத்தாறு வயசு. நீங்களாச்சும் வேணாம்னு சொல்லியிருக்கலாம் லா."

மலையில் நான் சொன்னது அவளுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் மோசமாகத் திட்டியிருப்பாள்.

ஊருக்குத் திரும்பும் முன் அவள் அந்தப் பச்சைச் சைக்கிளை வீட்டு வராந்தாக் கம்பியோடு தடித்த சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை ஈப்போவுக்கு எடுத்துப் போய்விட்டாள். பார்க்கப் போன எனக்கு மனது கேட்கவில்லை.

"கிரைண்டர் கொண்டுவந்து ரெண்டு நிமிஷத்துல வெட்டிடறேன்க்கா."

"வேணாம். பயத்துல பூட்டிட்டுப் போயிருக்கா. பயம் போனா அவளே வந்து திறப்பா."

அந்தப் பயத்தை அவர் எப்படிப் போக்கினார் என்பதை அருகிலிருந்து பார்த்தேன். முதல் வாரம் வீட்டு வாசலிலிருந்து பக்கத்து வீட்டுக் கதவு வரைக்கும் நடந்தார். திரும்பி வந்து படுத்துக்கொண்டார். அடுத்த வாரம் இரண்டு கதவுகள். தினமும் மகளுக்குப் போனில் ஒரே வரி அனுப்புவார்: இன்றைக்கு மூன்று கதவு. இன்றைக்கு மூன்று கதவுதான், நான்கு முடியும், ஆனால் போகவில்லை. மகளிடமிருந்து ஓகே என்ற ஒரு சொல் மட்டும் வரும். மழை பெய்த ஒரு நாள் ஈரத் தரையில் போகவில்லை என்று அனுப்பினார். அன்றைக்கு மட்டும் மகளிடமிருந்து நீளமான பதில் வந்தது என்றார். என்ன எழுதியிருந்தாள் என்று சொல்லவில்லை.

ஏழு மாதம் கழித்துப் பள்ளி விடுமுறையில் மகள் வந்தாள். நானும் என் மனைவியும் அங்கே இருந்தோம். அக்கா நடைபாதையின் கடைசிக் கதவுவரை போய், படியில் ஒரு மாடி இறங்கி, ஏறி வந்தார். மகள் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து வராந்தாவுக்குப் போனாள். கடல் காற்றில் பூட்டு துருவேறி இறுகியிருந்தது. கையெல்லாம் கறையாக, உதட்டைக் கடித்துக்கொண்டு அவளே திருகித் திறந்தாள்.

"மெதுவா போங்கம்மா."

"நான் எப்ப வேகமா போனேன்?"

அதற்கப்புறமும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் அக்கா அவசரப்படவில்லை. ஹேண்டில் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் மேலே ஏறியது. நான்தான் கடைந்தேன், இந்த முறை முதல் தடவையே சரியாக வந்தது. ஏற்றத்தில் மிக லேசாக மிதிக்க முன்பக்கத்துப் பல்சக்கரத்தைச் சின்னதாக மாற்றினோம். அதில் மிதித்தால் நடந்து போகிறவர் நம்மைத் தாண்டிவிடுவார். அதுவும் முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுவது என்று அவரே முடிவு செய்தார். "தள்ளிட்டுப் போனாலும் சைக்கிள் கூடத்தானே போறேன்?"

அறுபத்தெட்டு வயதில் மறுபடி அந்த மலைக்குப் போனார். என் மனைவி ஒரு வேன் இரவல் வாங்கி ஓட்டிவந்தாள். ஏரிக்கரையிலேயே இறங்கி அங்கிருந்து ஏறலாமே என்று நான் கேட்டதற்கு அக்கா தலையாட்டி மறுத்துவிட்டார்.

"அது நான் ஏற்கெனவே மிதிச்ச ரோடு."

போனில் இருந்த படத்தை எடுத்து, கிலோமீட்டர் கல்லை ஒவ்வொன்றாகப் பார்த்து, அதே கல்லில் வேனை நிறுத்தச் சொன்னார். என் மனைவியை உச்சியில் காத்திருக்கும்படி அனுப்பிவிட்டு, சைக்கிளை அந்தக் கல்லுக்கு நேராக நிறுத்தி, ஏறி உட்கார்ந்தார்.

எட்டு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆனது. மூன்று முறை படுத்தார். ஒருமுறை படுத்த இடத்துக்குப் பத்தடி தள்ளிக் காட்டு வாழைகள் அப்போதுதான் முறிந்து கிடந்தன. "அக்கா, எந்திரிங்க" என்றேன். "யானை தின்னுட்டுப் போயிருக்கு. போன ஆளைப் பத்தி எதுக்குக் கவலை?" என்று கண்ணை மூடியபடியே சொன்னார். பத்து நிமிஷத்துக்கு ஒரு நொடி முன்னதாகக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசி வளைவு செங்குத்தாக இருந்தது. இறங்கித் தள்ளினார். நானும் இறங்கினேன். பக்கத்துப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போனோம்.

உச்சியில் இருந்த ஓய்விடம் பனிமூட்டத்துக்குள் மறைந்திருந்தது. என் மனைவி ஓடிவந்து கட்டிக்கொள்ளப் பார்த்தாள். அக்கா கையைக் காட்டித் தடுத்துவிட்டு, நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து இடது காலணியைக் கழற்றினார், காலுறையை உருவினார். குளிரில் வெளுத்திருந்த பாதம். கட்டைவிரலை அசைத்தார். அடுத்ததை அசைத்தார். ஒவ்வொன்றையும் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"அஞ்சும் இருக்கு" என்றார்.

அங்கே ஒரே ஒரு சாப்பாட்டுக் கடை திறந்திருந்தது. போனில் லைன் கிடைக்கவில்லை. கடைக்காரப் பெண் கல்லாவுக்கு அந்தப் பக்கம் ஒரு மூலையைக் காட்டி, அங்கே நின்றால் மட்டும் கிடைக்கும் என்றாள். அக்கா ஒற்றைக் காலணியோடு அந்த மூலையில் போய் நின்று ஈப்போவுக்கு அழைத்தார். பனிக்காற்றில் சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏறிட்டேன்" என்றார்.

மகள் வகுப்பறையிலிருந்து வெளியே வந்திருப்பாள்போல, பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு மெல்லிய குரலில், "வலிக்குதாம்மா?" என்றாள்.

"இல்லடி. பசிக்குது."

மகள் சிரித்தாளா அழுதாளா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அங்க சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, கடைச் சுவரில் தொங்கிய பலகையை அண்ணாந்து பார்த்தார். நாசி கோரெங் இருக்கு, மீ கோரெங் இருக்கு, சூப் இருக்கு என்று தொடங்கி, அதில் எழுதியிருந்த அத்தனையையும், ஒன்றையும் விடாமல், நிதானமாக மகளுக்கு வாசித்துக் காட்டினார்.